பந்தி வஞ்சனை

கல்யாண வீட்டுச் சாப்பாட்டில் குறை கண்டுபிடிப்பதில் நம்மவர்களை மிஞ்ச யாராலும் முடியாது. சாம்பாரில் உப்பு அதிகம், பாயசத்தில் சர்க்கரை போதாது, அப்பளம் நமுத்துப் போய்விட்டது என்று ஆரம்பித்தால், வீடு வந்து சேரும் வரையில் அந்தப் பேச்சு ஓயாது. ஆனால் இந்தக் குற்றங்களையெல்லாம் மறு நாளே மறந்து விடுகிறோம். ஒரே ஒரு குற்றத்தை மட்டும் நாம் மன்னிப்பதில்லை. அதற்குத்தான் பந்தி வஞ்சனை என்று பெயர். பக்கத்து இலையில் இரண்டு ஜாங்கிரி விழுந்து, நம் இலையில் ஒன்று மட்டும் விழுந்தால், முப்பது வருஷம் சென்ற பிறகும் அது ஞாபகத்தில் இருக்கும்.

இந்த நியாயம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்து தேசத்துப் ‘பப்’பிலும் இதே நியாயந்தான் என்பதை இந்த வாரம் எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

‘பப்’ என்றதும் சகோதரிகள் முகத்தைச் சுளிக்க வேண்டாம். ‘பப்ளிக் ஹவுஸ்’, அதாவது பொது வீடு, என்பதன் சுருக்கமே அது. அங்கே பீர் விற்கிறார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. மதுவுக்குப் பரிந்து பேச நான் வரவுமில்லை. ஆயினும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாட்டியும் பேத்தியும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிற இடமும் அதுதான். எலுமிச்சம்பழப் பானத்தை வைத்துக் கொண்டு இரண்டு மணி நேரம் வம்பளந்தாலும் யாரும் எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள்.

அங்கே சாப்பிடுவதற்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. பெரும்பாலான பப்களில், மேஜைக்கு வந்து “என்ன வேண்டும்?” என்று யாரும் கேட்பதில்லை. மேஜையின் எண்ணைப் பார்த்து வைத்துக் கொண்டு, நாமே எழுந்து போய்க் கட்டையருகில் நின்று, வேண்டியதைச் சொல்லிப் பணத்தையும் முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும். அங்கே வரிசை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது. எல்லாரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கொண்டிருப்பார்கள். ஆனால் யார் முதலில் வந்தார், யார் பிறகு வந்தார் என்ற கணக்கு கட்டைக்குப் பின்னால் நிற்பவரின் மனத்தில் இருக்கும். கையைத் தட்டிக் கூப்பிட்டால் காரியம் கெட்டது!

சாப்பாட்டைப் பற்றி ஒரே அபிப்பிராயம் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் சுட்ட மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, ‘யார்க்‌ஷயர் புட்டிங்’ ஆகியவை வரும். புட்டிங் என்ற பெயரைக் கேட்டுத் தித்திப்பை எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்து போவார்கள். மாவையும் முட்டையையும் பாலையும் கலந்து, கொதிக்கிற கொழுப்பில் விட்டு உப்பச் செய்த பண்டம் அது. ‘உழவன் சாப்பாடு’ என்று இன்னொன்று உண்டு. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வெங்காய ஊறுகாயும் சேர்ந்த தட்டு. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பழைய ஆகாரந்தான். ஆனால் அந்தப் பெயரை ஊரெல்லாம் பரப்பியவர்கள் 1950-களிலும் 1960-களிலும் பாலாடைக்கட்டி வியாபாரத்தை வளர்க்க முயன்றவர்கள். பப்பின் சமையலைக் கௌரவமாக நினைக்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்ததும் பிற்காலத்தில்தான். 1991-ல் லண்டன் பாரிங்டன் சாலையில் இருந்த ‘ஈகிள்’ என்ற பப்பை எடுத்து நடத்திய இருவர் நல்ல சமையலைப் பிரதானமாக வைத்தார்கள். ‘காஸ்ட்ரோபப்’ என்ற புதுச் சொல்லே அதிலிருந்து பிரபலமாயிற்று.

நான் போயிருந்த ஒரு சிற்றூர்ப் பப்பில் மீன் வறுவல் முதல்தரமாக இருந்தது. கூட வந்த பட்டாணியோ ஆறிப் போயிருந்தது. அதுவும் முக்கால் மணி நேரம் காத்திருந்த பிறகு வந்தது. பரிமாறிய பெண் மன்னிப்புக் கேட்டுவிட்டு, வேறு பட்டாணி கொண்டு வந்து வைத்து, “இன்று சமையலறையில் ஒரே ஆள்தான்” என்று சிரித்தாள். கோபம் இருந்த இடம் தெரியவில்லை. உணவில் உள்ள குறையை உபசாரம் தீர்த்து வைக்கும். உபசாரத்தில் உள்ள குறையை எந்த உணவும் தீர்த்து வைக்காது.

காந்தியடிகள் சத்தியாக்கிரகம் நடத்திய சம்பாரண் பிரதேசத்தில், மோதிஹாரியில் பிறந்தவர் ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல். அவர் 1946-ல் ஒரு லண்டன் பத்திரிகையில் தம் மனத்துக்குப் பிடித்த பப்பை வர்ணித்து எழுதினார். அங்கே பரிமாறும் பெண்கள் எல்லாரிடமும் பிரியமாகப் பேசுவார்கள் என்று புகழ்ந்துவிட்டு, கடைசியில் அப்படி ஒரு பப் உலகத்திலேயே இல்லை என்று போட்டு உடைத்தார்!

அவர் விளையாட்டாகச் சொன்னது அந்தக் காலத்தில் சிலருக்கு முழு உண்மையாக இருந்தது. கறுப்பு நிறத்தாருக்கும் நம் இந்தியர்களுக்கும் பல இடங்களில் அந்தப் பிரியமான வார்த்தை கிடைக்கவில்லை. 1943-ல் மேற்கிந்தியக் கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைனை, அவருடைய நிறத்துக்காக லண்டன் ஹோட்டல் ஒன்று தங்கவிட மறுத்தது. அவர் வழக்குத் தொடுத்து, 1944-ல் ஜயித்தார். நஷ்டஈடு ஐந்து கினி. பிரயாணிக்கு இடம் கொடுக்க வேண்டியது சத்திரக்காரனின் கடமை என்ற பழைய சட்டம் அவருக்குத் துணை நின்றது. ஆனால் அந்தச் சட்டம் பிரயாணிகள் தங்கும் சத்திரத்தை மட்டுமே கட்டுப்படுத்தும். குடிக்கவும் சாப்பிடவும் மட்டும் உள்ள பப்காரர் தமக்குப் பிடிக்காதவரை வெளியே போகச் சொல்லலாம்.

இந்த ஓட்டையின் பலனை பர்மிங்ஹாமுக்குப் பக்கத்திலுள்ள ஸ்மெதிக் என்ற ஊரில் பார்க்கலாம். அங்குள்ள இரும்பு வார்ப்புத் தொழிற்சாலைகளில் வேலை செய்யப் பஞ்சாபிலிருந்து பலர் போய்ச் சேர்ந்தார்கள். நாளெல்லாம் உலையின் அனலில் நின்றவர்கள் மாலையில் பப்புக்குப் போனால், மெத்தை போட்ட அறை வெள்ளையருக்கு. சாதாரண அறைதான் இவர்களுக்கு. சில பப்களில் அதுவும் இல்லை. 1958-ல் அந்த ஊருக்கு வந்த அவதார் சிங் ஜௌஹல் என்ற தொழிலாளி இதைப் பார்த்துச் சும்மா இருக்கவில்லை. இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் மூலம் ஓர் உபாயம் செய்தார். வெள்ளைக்கார மாணவர்கள் முதலில் உள்ளே போய் வேண்டியதை வாங்குவார்கள். பிறகு இந்தியர்கள் போய்க் கேட்பார்கள். மறுத்தால், அந்த மாணவர்களே சாட்சி. பப்பின் உரிமத்தைப் புதுப்பிக்கும் சமயத்தில் ஆட்சேபம் தெரிவிக்க அந்தச் சாட்சியம் பயன்பட்டது. கையில் கல்லும் இல்லை, கழியும் இல்லை.

1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பு மக்களின் தலைவர் மால்கம் எக்ஸ் ஸ்மெதிக்குக்கு வந்தார். ஜௌஹல் அவரை ஒரு பப்புக்கு அழைத்துச் சென்றார். அந்த விருந்தாளிக்கும் மெத்தை அறையில் பரிமாற மறுத்துவிட்டார்கள். ஒன்பது நாளைக்கெல்லாம் அவர் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வருஷக் கடைசியில் பிரிட்டிஷ் பார்லிமெண்டு, ஹோட்டல், உணவுச்சாலை, பப் முதலிய பொது இடங்களில் நிற பேதம் காட்டக் கூடாது என்று சட்டம் செய்தது. பெண்களுக்கு நியாயம் கிடைக்க இன்னும் காலமாயிற்று. லண்டன் பிளீட் தெருவில் பத்திரிகைக்காரர்கள் கூடும் மதுச்சாலை ஒன்றில், பெண்கள் கட்டையருகில் நின்று வாங்கக் கூடாது என்று ஒரு வழக்கம் இருந்தது. அது சட்டவிரோதம் என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1982-ல்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அந்தப் பிரதேசத்தில் பல பப்களைப் பஞ்சாபியரே வாங்கி நடத்தலானார்கள். அவற்றுக்கு இப்போது ‘தேசி பப்’ என்று பெயர். அங்கே ‘மிக்ஸட் கிரில்’ பிரசித்தம். கோழி டிக்காவும் ஷீக் கபாபும் வெங்காயமும் பழுக்கக் காய்ந்த இரும்புத் தட்டில் ‘சொய்’ என்ற சப்தத்தோடு மேஜைக்கு வருகின்றன. வெள்ளைக்காரரும் பஞ்சாபியரும் தோளோடு தோள் உட்கார்ந்து கால்பந்து பார்த்துக் கொண்டே சாப்பிடுகிறார்கள். அங்கேயும் சில நாள் ரொட்டி கருகும். சில நாள் தாமதமாகும். அதனால் என்ன? எந்த அறையில் உட்காரலாம் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

இதைப் படித்துவிட்டு, “வெள்ளைக்காரன் புத்தி எவ்வளவு நாள் கழித்து வந்தது, பார்த்தீர்களா?” என்று மார்தட்டிக் கொள்ளத் தோன்றும். அதற்குக் காரணமும் உண்டு. 1950 ஜனவரி 26-ல் அமலுக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு, கடையிலும் உணவுச்சாலையிலும் ஹோட்டலிலும் ஜாதி, மதம், ஆண் பெண் என்ற பேதங்களைக் காட்டி ஒருவரையும் தடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. பிரிட்டிஷாரின் சட்டத்துக்குப் பதினைந்து வருஷம் முந்தியது அது.

ஆனால் சட்டப் புத்தகத்தில் முந்திக் கொண்டால் மட்டும் போதுமா? தேநீர்க் கடையில் சிலருக்கு ஒரு தம்ளர், சிலருக்கு வேறு தம்ளர் என்ற செய்தி நம் கிராமங்களிலிருந்து இத்தனை காலத்துக்குப் பிறகும் வந்து கொண்டுதான் இருக்கிறது. அங்கே ஜௌஹலைப் போன்றவர்கள் இல்லாமல் இல்லை. முதலில் உள்ளே போய்த் தேநீரை வாங்கி, சாட்சியாக நிற்க வேண்டிய அந்த மாணவர்கள்தாம் போதவில்லை.

நேயர்கள் அடுத்த தடவை வெளியூர் போய் ஒரு கடையில் தேநீர் வாங்கும்போது, சர்க்கரை போதவில்லை என்று தாராளமாகக் குறை சொல்லட்டும். கூடவே, பக்கத்தில் நிற்பவர் கையில் இருக்கிற தம்ளரையும் ஒரு முறை பார்க்கட்டும். அது வேறாக இருந்தால், “எனக்கும் அதிலேயே கொடுங்கள்” என்று சொல்வதற்குச் சட்டம் ஒன்றும் தேவையில்லை.