துடைக்குமுன் எடுக்கும் படி

வீட்டிலுள்ள பழைய கணினி நாளுக்கு நாள் மந்தமாகிறது. அதன் ஹார்ட் டிஸ்க்கைத் துடைத்துவிட்டுப் புதிதாக அமைத்துக்கொள்ளலாமா என்று நேயர்கள் சிலர் சில திங்களாகவே நம்மைக் கேட்டு வருகின்றனர். துடைப்பதற்கு ஒரு கட்டளை போதும். அதற்கு முன் செய்யவேண்டிய வேலைதான் பெரிது. அதைத்தான் பலரும் பாதியில் விட்டுவிடுகின்றனர். அவ்வேலையை முதலிலிருந்து முடிவுவரை உடனிருந்து காணும் வாய்ப்பு அண்மையில் நமக்குக் கிட்டிற்று. சிவாஜிநகரில், ரஸல் மார்க்கெட்டுக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள மாடி வீடொன்றில், ஏறத்தாழ முப்பது ஆண்டுப் பழமையான யூனிக்ஸ் இயந்திரம் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. அதைப் பற்றியே இம்மாதம் எழுதப் புகுந்தோம். இரயில்வே எழுத்தருக்கும் யூனிக்ஸுக்கும் என்ன உறவு என்று வினவுவோர் பொறுத்தருள்க. ஒன்றைப் படியெடுப்பதும், எடுத்த படியை மூலத்தோடு ஒப்புநோக்கிக் கையொப்பமிடுவதும் நமது அன்றாடப் பிழைப்பு.

இயந்திரத்துக்கு உரியவர் எழுபதைக் கடந்த பெரியவர். அவர் பணியாற்றிய நிறுவனம் பழைய சாமான்களைக் கழித்தபோது இதனை விலைகொடுத்து வாங்கி வந்தார். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் செய்த ஸ்பார்க்ஸ்டேஷன் 5 என்னும் வகை அது. 1994-இல் விற்பனைக்கு வந்தது. சன் நிறுவனம் 1982-இல் அமெரிக்காவில் நால்வர் கூடித் தொடங்கியது. அந்நால்வருள் வினோத் கோஸ்லா தில்லி ஐ.ஐ.டி.யில் பயின்றவர். 2010-இல் ஆரக்கிள் நிறுவனம் சன்னை வாங்கிக்கொண்டது. செய்தவர் பெயரே மறைந்தபின்னும் இயந்திரம் ஓடுகிறது. தட்டையான பலகாரப் பெட்டி போன்ற தோற்றம், கையிலெடுத்தால் நல்ல கனம்.

அதனுள் இருப்பது என்ன? இங்கேதான் நம் நேயர்களுக்குரிய விஷயம் வருகிறது. பெரியவர் பல ஆண்டுகள் அவர் தெருவின் மரண சகாய நிதிக்குக் கணக்கெழுதினார். சந்தாக் கணக்கோடு நில்லாமல், ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்த ஊர் எது, முதன்முதலில் பெங்களூருக்கு வந்தவர் யார், குலதெய்வம் எங்கே, வாரிசு யார் என்பனவற்றையும் கேட்டுக் கேட்டுப் பதிந்து வைத்தார். 1864-இல் ஜோலார்ப்பேட்டையிலிருந்து கண்டோன்மென்ட் வரை இருப்புப்பாதை திறக்கப்பட்ட நாள்முதல், அவ்வழியே வந்திறங்கிய நம்மவர் குடும்பங்கள் எத்தனையோ. மூன்றாம் தலைமுறைக்கு வந்ததும் பாட்டனார் ஊர்ப்பெயர்கூட மறந்துபோகிறது. ஊர்க்கோவில் தலைக்கட்டு வரிக்கோ, நிலப்பத்திரம் தேடவோ வழி தெரியாத இளைஞர்கள் இன்றும் பெரியவரைத் தேடி வருகின்றனர். காகித நோட்டுப் புத்தகங்களைக் கறையான் தின்றுவிட்டது. ஆகவே அந்தப் பதிவேடு உலகில் ஒரே இடத்தில் இருந்தது: ஒரு கிகாபைட் கொள்ளளவுள்ள அந்தப் பழைய தட்டில்.

சென்ற மழைக்காலத்தில் அத்தட்டு வினோதமாக ஓலமிடத் தொடங்கிற்று. கல்லூரியில் பயிலும் பேரன், "தாத்தா, ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும்" என்றான். பெரியவர் சிரித்துவிட்டு நம் பக்கம் திரும்பி, "தம்பி, சக்கரத்தின் அச்சு தேய்ந்தால் வண்டியைக் கழுவி விடுவார்களா?" என்றார். ஃபார்மட் செய்வதனால் பழுதான சிற்சில இடங்களை இயந்திரம் அடையாளம் கண்டு ஒதுக்கிவிடும், உண்மைதான். சுழலும் அச்சின் தேய்மானத்தை எக்கட்டளையும் ஆற்றாது. எனவே நோயுற்ற தட்டைத் தொடாமல் வைத்து, பெட்டிக்குள்ளேயே சும்மா கிடந்த இரண்டாம் தட்டைத் துடைத்து, பதிவேட்டை அதற்கு மாற்றுவது என்று முடிவாயிற்று.

தொடக்கத்திலேயே ஒரு தடங்கல். அவ்வகை இயந்திரங்களில் கடிகாரச் சில்லு ஒன்றுண்டு. மின்கலம் அதன் உள்ளேயே பொதிந்திருக்கும். மின்கலம் தீர்ந்தால் இயந்திரம் நாள், நேரத்தை மட்டுமன்றித் தன் அடையாள எண்ணையும் மறந்துவிடும். எத்தட்டிலிருந்து எழவேண்டும் என்பதும் நினைவிராது. ஆயினும் விசைப்பலகையில் 'ஸ்டாப்', 'ஏ' என்னும் இரு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் 'ஓகே' என்றொரு சொல்லோடு அது நம் கட்டளைக்குக் காத்து நிற்கும். இணைந்துள்ள கருவிகளைச் சொல் என்று கேட்டால் எண்ணோடு ஒப்பிக்கும். முதல் தட்டுக்கு எண் 3, சி.டி. கருவிக்கு எண் 6 என்பது சன் வீட்டு மரபு. சி.டி.யிலிருந்து இயந்திரத்தை எழுப்பினோம். இதற்குக் காரணம் உண்டு. தட்டிலிருந்தே எழுப்பினால் இயந்திரம் அதில் ஓயாது எதையாவது எழுதிக்கொண்டேயிருக்கும். எழுதிக்கொண்டிருக்கும் பேரேட்டைப் படியெடுத்தால் தொகை இடிக்கும் என்பது கணக்கெழுதுவோர்க்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

படியெடுக்க யூனிக்ஸில் மூன்று வழிகள் பழக்கத்தில் உண்டு. 'டார்' என்பது கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக மூட்டை கட்டும். நாடாவில் எழுதுவதற்கென்றே பிறந்த கட்டளை. 'டம்ப்' என்பது கோப்புகளோடு அவற்றின் உரிமையாளர், அனுமதி, தேதி முதலியவற்றையும் சிதையாமல் எடுக்கும். அதில் படிநிலைகள் உண்டு: 0 என்றால் முழுவதும், 1 முதல் 9 வரை என்றால், அதனினும் குறைந்த எண்ணில் கடைசியாக எடுத்த படிக்குப் பின் மாறியவை மட்டும். நம் அலுவலகத்தில் மாதக் கணக்கும் நாள் கணக்கும் வைப்பதுபோல என்று கொள்க. மூன்றாவது 'டிடி'. இது கோப்பு என்றும் காலியிடம் என்றும் பாராது, தட்டின் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை உள்ளதை உள்ளவாறே பெயர்க்கும். பெரியவர் டிடியையே முதலில் கையாண்டார். நோயுற்ற தட்டை எத்தனை முறை வாசிக்க முடியும் என்பது யாருக்கும் தெரியாது. முதல் வாசிப்பிலேயே அனைத்தையும் வாரிக்கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து. அக்கட்டளை பழுதான இடம் வந்ததும் இயல்பாக நின்றுவிடும். பிழை வந்தாலும் நிற்காதே, வாசிக்க முடியாத இடத்தைச் சுழியங்களால் நிரப்பிக்கொண்டு மேலே செல் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். சொன்னார். நொடிக்கு 10 மெகாபிட் வேகமுள்ள வலைக்கம்பி வழியே படி பேரனின் மடிக்கணினிக்குச் சென்று சேர அரை மணிக்கு மேலாயிற்று. அவ்வளவு நேரமும் வீட்டில் யாரும் மின்விசிறியைக்கூடப் போடவில்லை. அது தேவையற்ற அச்சம் என்று நாம் கூறியும் அம்மையார் கேட்கவில்லை.

அதன் பின் டம்ப் கொண்டும் ஒரு படி எடுத்தார். இரண்டும் முடிந்ததும் பேரன், "இப்போது இரண்டாம் தட்டைத் துடைத்துவிடலாமா?" என்றான். பெரியவர் இசையவில்லை. அதிலும் நிறுவனத்துக் காலத்துத் தாள்கள் ஏதேனும் இருக்கலாம் என்று அதற்கும் ஒரு படி எடுக்கச் செய்தார். எடுத்த படிகளை மடிக்கணினியில் திறந்து காட்டச் சொன்னார். லினக்ஸ் இயங்கும் மடிக்கணினி சன் தட்டின் படியை வாசிக்க வல்லது. ஆனால் இன்ன வகைக் கோப்பமைப்பு என்று எடுத்துச் சொல்ல வேண்டும். ஸ்பார்க் செயலி பேரிலக்கத்தை முன்வைத்து எண்ணை எழுதும். நம் வீட்டுக் கணினிகளோ சிற்றிலக்கத்தை முன்வைக்கும். திறந்தபின் கோப்புதோறும் சரிபார்ப்பு எண் கணக்கிட்டு, இரு பக்கத்து எண்களையும் ஒப்பிட்டோம். பிற்பகல் முழுவதும் அதில் கழிந்தது. பழுதுபட்ட சில இடங்கள் காலியிடத்திலேயே விழுந்திருந்தன. பதிவேட்டில் ஒரு வரியும் கெடவில்லை.

எடுத்த படியை வாசித்துப் பாராமல் விடுவதன் விளைவை அறியப் பெரிய இடத்துக் கதை ஒன்றுண்டு. 1998-இல் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனம் டாய் ஸ்டோரி 2 என்னும் சித்திரப்படத்தை உருவாக்கி வந்தது. யாரோ ஒருவர் கொடுத்த அழிப்புக் கட்டளையால், யூனிக்ஸ் இயந்திரங்களிலிருந்து படத்தின் பெரும்பகுதி கண்ணெதிரே மறைந்தது. நாடாவில் படி இருக்கிறதே என்று சென்று பார்த்தால், ஏறத்தாழ ஒரு மாதமாகப் படியெடுக்கும் ஏற்பாடே சரிவர நடக்கவில்லை. அதை எவரும் வாசித்துச் சோதிக்கவுமில்லை. தொழில்நுட்ப மேற்பார்வையாளரான கேலின் சஸ்மன் என்னும் அம்மையார் பிள்ளை பெற்று வீட்டிலிருந்தே பணியாற்றியமையால், அவர் வீட்டில் ஒரு சிலிக்கான் கிராஃபிக்ஸ் இயந்திரமும் அதில் படத்தின் ஒரு படியும் இருந்தன. அதனைப் போர்வைகளில் பொதிந்து காரில் மெல்ல ஓட்டிவந்து படத்தை மீட்டனர். 1999-இல் படம் வெளிவந்தது. கோடிக்கணக்கான முதலீட்டைக் காத்தது ஒரு தாயின் வீட்டு மேசை!

நிற்க. இரண்டாம் தட்டுக்கு வருவோம். 'ஃபார்மட்' என்னும் நிரல் தட்டை அடிமுதல் புதுப்பிக்கும். இடையில் நிறுத்தலாகாது என்று அதுவே முன்கூட்டி எச்சரிக்கும். பாதியில் மின்சாரம் போனால் தட்டு பயனற்றுப் போகக்கூடும். மழைக்கால மாலையில் நம் பேட்டையின் மின்சாரத்தை நம்ப இயலுமா? யு.பி.எஸ். ஒன்றை இரவல் வாங்கிவந்து காலையில் தொடங்கினோம். அது முடிந்ததும் தட்டைப் பகுதிகளாகப் பிரித்து, 'நியூஎஃப்எஸ்' என்னும் கட்டளையால் ஒவ்வொன்றிலும் வெற்றுப் பேரேடு திறக்கவேண்டும். அப்போது திரையில் 32 என்று தொடங்கி எண்கள் வரிசையாக ஓடும். அவ்வெண்கள் என்னவென்று நாம் கேட்டோம். பெரியவர் விளக்கினார். தட்டின் அமைப்பு முழுவதையும் குறித்த தலைப்பக்கம் ஒன்றுண்டு. அதற்கு சூப்பர் பிளாக் என்று பெயர். அது கெட்டால் எல்லாம் கெட்டது. ஆகவே பெர்க்லி பல்கலைக்கழகத்தார் 1980-களில் இக்கோப்பமைப்பை வகுத்தபோது, தலைப்பக்கத்தின் படிகளைத் தட்டெங்கும் தூவி வைத்தனர். அதுவும் ஒரே நேர்வரிசையில் வையாமல், இடம் மாற்றி மாற்றி வைத்தனர். ஒரு தகடே முற்றிலும் பழுதானாலும் எங்கோ ஒரு படி பிழைத்திருக்கும். இதைக் கேட்டபோது நமக்கு 2012 பிப்ரவரியில் ரஸல் மார்க்கெட்டில் பற்றிய தீ நினைவுக்கு வந்தது. ஒரே கூரையின் கீழ் எத்தனை படி வைத்திருந்தாலும் தீ எண்ணிப் பார்ப்பதில்லை.

தலைப்பகுதியைத் திருப்பி இட்டபின் துவக்கத் தொகுதியைத் தனியே எழுதவேண்டும். இல்லையேல் கோப்புகள் அனைத்தும் இருந்தும் இயந்திரம் எழாது. அதையும் முடித்து இயக்கியபோது ஓலம் இல்லை. பதிவேடு திறந்தது.

ஆனால் திறந்த பதிவேட்டை எல்லோராலும் வாசிக்க முடியுமா? தமிழர்க்கு நன்கு பழகிய தொல்லை இது. தொடக்க ஆண்டுகளில் பெரியவர் ஆங்கில எழுத்தில் தமிழை ஒலிபெயர்த்து எழுதியிருந்தார், அது பிழைத்தது. பின்னர் 'திஸ்கி' என்னும் குறியீட்டுக்கு மாறினார். 1999-இல் தமிழக அரசு 'டாம்', 'டாப்' என்னும் வேறு குறியீடுகளை ஏற்றது. 2010-இல் யூனிகோடுக்கு வந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தாரும் தம் மின்னூல்களைத் திஸ்கியில் வெளியிட்டுப் பின்னர் யூனிகோடுக்கு மாற்ற நேர்ந்தது. நல்லவேளையாக லினக்ஸில் திஸ்கியை யூனிகோடாக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. அப்பகுதியும் வாசிக்கக் கிடைத்தது. இப்போது ஒரு படி பெரியவர் வீட்டிலும், ஒன்று நம் வீட்டிலும், மற்றொன்று திருப்பத்தூரில் அவருடைய மகள் வீட்டிலும் உள்ளன. தட்டோடு எழுத்துருக் கோப்பும் குறியீட்டு அட்டவணையும் சேர்த்தே வைக்கப்பட்டுள்ளன.

ஒரு கோப்பு மட்டும் மிஞ்சி நிற்கிறது. அச்சகம் ஒன்றிலிருந்து பிளாப்பி வழியே வந்த பெயர்ப்பட்டியல் அது. அக்காலத்தில் அச்சகத்துக்கு அச்சகம் எழுத்துரு வேறு. இது எதில் தட்டச்சானது என்பது விளங்கவில்லை. எழுத்துக்கள் எல்லாம் பத்திரமாக உள்ளன. ஒன்றும் தமிழாகத் தோன்றவில்லை. 1990-களில் சிவாஜிநகரிலோ அல்சூரிலோ அச்சகங்களில் தமிழ்த் தட்டச்சு செய்த நேயர்கள் இருப்பின், தம்மிடமுள்ள பழைய எழுத்துருக்களைச் சங்க அலுவலகத்தில் கொடுக்க வேண்டுகிறோம். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் பெரியவரும் அங்கே இருப்பார். பிளாப்பியாக இருந்தாலும் கொண்டு வரலாம். அதை வாசிக்கும் கருவி அந்த இயந்திரத்தில் இருக்கிறது, இன்றளவும் வேலை செய்கிறது.