அக்காவின் மாத்திரையும் தவளையின் வாலும்

ஜொகூர் பாரு வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றும்? எனக்குச் சிரிப்புதான் வந்தது. அது என் அக்கா.

போன வருடம் தீபாவளிக்கு முந்தைய வாரம். எங்கள் வீட்டில் முறுக்கு என்றால் அக்கா கைதான். அந்த முறை மாவுகூடப் பிசையவில்லை. வேலை முடிந்து வந்தால் சோபாவில் சாய்ந்துவிடுவார். முடி கொட்டியது, உடம்பு பருத்தது, நாம் ஒன்று கேட்டால் பதில் வர நேரமானது. "என்னக்கா, வர வர சோம்பேறி ஆயிட்டீங்க!" என்றேன். வானொலியில் பேசுகிறவன் நாக்கு, நிற்குமா? எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார்.

பிறகு கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யவில்லை. தினமும் ஒரு சின்ன மாத்திரை. பத்து நாள் போனது. "ஒரு மாற்றமும் தெரியலடா தம்பி" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தலைவலி மாத்திரை அரை மணி நேரத்துல கேக்குது. பத்து நாளா கேக்கலன்னா இது உங்களுக்கு ஒத்துவராத மருந்துக்கா. விட்டுடுங்க."

விட்டுவிட்டார். இரண்டு மாதத்தில் முகம் வீங்கி, படியேற முடியாமல் போனது. டாக்டர் திட்டவில்லை. "இந்த மருந்துக்குக் குறைந்தது ஆறு வாரம் கொடுக்கணும்மா" என்று மட்டும் சொன்னார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பதில் தேடித்தான் நான் படிக்க ஆரம்பித்தேன். ஏன் ஆறு வாரம்? ஒரு மாத்திரைக்கு அவ்வளவு நேரம் எதற்கு?

தேடியபோது கிடைத்த பெயர் ஜம்ஷெட் ருஸ்தம் டாட்டா. டாட்டா என்றால் நமக்கு லாரி ஞாபகம் வரும். இவர் உயிர்வேதியியல் விஞ்ஞானி. 1930-இல் பம்பாயில் பிறந்தவர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பயின்று, பாரிசில் முனைவர் பட்டம் பெற்று, லண்டனில் மில் ஹில் என்ற இடத்தில் இருந்த தேசிய மருத்துவ ஆய்வுக் கழகத்தில் பல பத்தாண்டுகள் பணியாற்றினார். தைராய்டு சுரக்கும் இரண்டு ஹார்மோன்களில் வீரியம் அதிகமான டி3-ஐ 1952-இல் அடையாளம் கண்ட ரோசலிண்ட் பிட்-ரிவர்ஸ் அங்கேதான் இருந்தார். இருவரும் சேர்ந்து தைராய்டு ஹார்மோன்கள் பற்றி ஒரு நூலும் எழுதினார்கள்.

டாட்டா வாழ்நாள் முழுக்க விடாமல் துரத்தியது ஒரே கேள்வியை: ஹார்மோன் வந்து சொல்கிறது, சரி. உயிரணு அதைக் கேட்டு என்ன செய்கிறது?

அந்தக் காலத்தில் பலர் நினைத்தது இதுதான்: உயிரணுவுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவை ஹார்மோன் நேராகப் போய் முடுக்கிவிடுகிறது. விளக்கு சுவிட்சைத் தட்டுவது மாதிரி. 1960-களின் தொடக்கத்தில் டாட்டா ஸ்டாக்ஹோமில் எர்ன்ஸ்டர், லிண்ட்பெர்க் என்ற இரு விஞ்ஞானிகளோடு சேர்ந்து இதைச் சோதித்தார். தைராய்டு நீக்கப்பட்ட எலிகளுக்கு, உடம்புக்கு இயல்பான அளவில் ஹார்மோன் கொடுத்துப் பார்த்தார்கள். சுவிட்ச் என்றால் உடனே எரிய வேண்டும் இல்லையா? எரியவில்லை. உடம்பின் வேகம் கூடுவதற்கு ஒரு நாளுக்கு மேல் ஆனது.

வேறு யாராக இருந்தாலும் "மருந்து மெதுவாக வேலை செய்கிறது" என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். டாட்டா அந்த இடைவெளியையே கையில் எடுத்தார். அந்த நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறது? லண்டன் திரும்பிய பிறகு விடை கிடைத்தது. முதலில் உயிரணுவின் உட்கருவில் ஆர்.என்.ஏ. உற்பத்தி கூடுகிறது. அடுத்துப் புதுப் புரதங்கள் உருவாகின்றன. அதற்குப் பிறகுதான் உடம்பின் வேகம் ஏறுகிறது. ஆர்.என்.ஏ. உற்பத்தியை மருந்து கொடுத்துத் தடுத்தால், ஹார்மோன் இருந்தும் பலனில்லை. இதை 1963-இல் வெளியிட்டார். தட்டியதும் எரிகிற சுவிட்ச் இல்லை இது. பட்டறைக்குப் போகிற ஆர்டர். ஆர்டர் போய், பொருள் தயாராகி, வெளியே வர நேரம் பிடிக்கும்.

இன்னும் சுவையான கதை தவளையுடையது. தலைப்பிரட்டைக்கு தைராய்டைத் தின்னக் கொடுத்தால் அது சீக்கிரமே தவளையாகிவிடும் என்று 1912-லேயே குடெர்நாட்ஷ் என்பவர் காட்டியிருந்தார். யோசித்துப் பாருங்கள்: ஒரே ஹார்மோன்தான் காலை வளர்க்கிறது, வாலை அழிக்கிறது. டாட்டா வாலை மட்டும் வெட்டி ஆய்வகத் தட்டில் உயிரோடு வைத்து ஹார்மோன் சேர்த்தார். சில நாட்களில் வால் சுருங்கியது. ஆனால் புது ஆர்.என்.ஏ.வும் புரதமும் உருவாகாமல் தடுத்தபோது வால் அப்படியே இருந்தது. 1966-இல் வந்த முடிவு இது. ஒரு வால் மறைவதற்குக்கூட உயிரணு புதிதாக உழைத்தாக வேண்டும்!

என் தொழிலில் இதை தினமும் பார்க்கிறேன். ஒரே பாட்டைத்தான் போடுகிறேன். ஸ்கூடாயில் ஒருவர் சத்தத்தைக் கூட்டுவார். பாலத்தில் சிங்கப்பூருக்கு வரிசையில் நிற்பவர் வேறு நிலையத்துக்குத் திருப்புவார். பாட்டு என்ன செய்யும் என்பது கேட்கிறவரைப் பொறுத்தது. உயிரணுவும் அப்படித்தான். தைராய்டு ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் வாங்கிகளின் மரபணுவை 1986-இல் அடையாளம் கண்டார்கள். தலைப்பிரட்டைக்கு ஹார்மோன் கிடைத்ததும் இந்த வாங்கிகளின் உற்பத்தியே கூடுகிறது என்பதை 1990-களில் டாட்டா குழுவும் ஆராய்ந்தது. வேலைக்கு முன்னால் கேட்கும் காதையே உயிரணு பெரிதாக்கிக்கொள்கிறது.

இப்போது அக்காவின் ஆறு வாரத்துக்கு வருவோம். இதில் இரண்டு காரணங்கள் சேர்கின்றன. மாத்திரையில் இருக்கும் ஹார்மோனில் பாதி வெளியேறவே ஏறக்குறைய ஏழு நாள் ஆகும். அதனால் தினமும் போட்டாலும் ரத்தத்தில் அதன் அளவு நிலைப்பட ஐந்தாறு வாரம் பிடிக்கும். அதற்கு மேல் உயிரணுக்களின் பட்டறை வேலை வேறு இருக்கிறது. பத்தாவது நாளில் மருந்து "கேக்கல" என்று நான் தீர்ப்பு சொன்னபோது, உள்ளே வேலை அப்போதுதான் சூடு பிடித்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொன்னவன் நான்.

உங்கள் வீட்டிலும் இந்த மாத்திரை இருக்கலாம். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துப் பசியாறுங்கள். கோப்பியும் சோயா பானமும் அது உடம்பில் சேர்வதைக் குறைக்கும். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரை இருந்தால் நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். முக்கியமாக, என்னைப் போன்ற தம்பிகளைக் கேட்டு நிறுத்தாதீர்கள். வீட்டில் யாராவது திடீரென்று "சோம்பேறி" ஆகிவிட்டால், கேலி செய்யுமுன் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

அக்கா மறுபடி மாத்திரை எடுக்க ஆரம்பித்து மாதங்கள் ஆகிவிட்டன. ஸ்வெட்டர் எந்த வாரம் அலமாரிக்குள் போனது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. அவ்வளவு மெதுவாகத்தான் நடந்தது. இந்தத் தீபாவளிக்கு மாவு பிசைந்து வைத்துவிட்டு, சோபாவில் போன் பார்த்துக்கொண்டிருந்த என் கையில் முறுக்கு அச்சைத் திணித்தார்.

"எழுந்து வந்து பிழிடா, சோம்பேறி."

மறுபேச்சு பேசாமல் பிழிந்தேன்.