பலகைத் தரை போடுமுன்



நம் உம்மாமார் காலத்தில் தரைக்கு என்ன போடுவது என்ற கேள்வியே எழவில்லை. சிவப்புச் சீமெந்து இழைத்து, மெழுகு பூசி, தேங்காய்ப் பொச்சால் தேய்த்தால் முகம் பார்க்கலாம். பின்னர் டைல்ஸ் வந்தது. இப்போது பலரும் பலகைத் தரைக்கு ஆசைப்படுகின்றனர்.

என் சாச்சியின் மகளும் ஆசைப்பட்டாள். கணவர் வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய பணத்தில் முன்மண்டபம் முழுவதும் போட்டாள். இரண்டாம் மழைக்காலத்தில், குளியலறை வாசலிலிருந்து வுழூச் செய்த ஈரக் காலோடு எல்லோரும் நடந்து வரும் பாதை மட்டும் ஊதிக் கிளம்பியது. ஒரு துண்டைப் பெயர்த்துப் பார்த்தோம். உள்ளே மரமே இல்லை! "நானா, மரம் என்றுதானே சொன்னார்கள்" என்று அழுதாள். பற்றுச்சீட்டை வாங்கிப் பார்த்தேன். 'லமினேட்' என்றே எழுதியிருந்தது. அதன் பொருள் எங்கள் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

ஆகவே, முதலில் பெயர்களை அறிந்துகொள்ளுங்கள். லமினேட் என்பது மரநாரை அழுத்திச் செய்த அட்டை. அதன்மேல் மரத்தின் படம் அச்சிட்ட தாளும் கெட்டியான பூச்சும் இருக்கும். ஓரம் நீர் குடித்து ஊதினால் பழைய நிலைக்குத் திரும்பாது. முழுப் பலகை என்பது ஒரே மரம். ஈரத்தில் அகலவாட்டில் விரியும், வெயிலில் சுருங்கும். 'எஞ்சினியர்ட் வூட்' இவ்விரண்டும் அல்ல. மேலே உண்மையான மரத்தின் ஒரு படை, கீழே நார் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய மரப்படைகள். ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால் முழுப் பலகையைவிடக் குறைவாகவே அசையும். ஆயினும் தேங்கும் நீரை அதுவும் தாங்காது.

கடையில் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் ஒரு துண்டின் ஓரத்தைப் பாருங்கள். மேற்படை 3 அல்லது 4 மில்லிமீற்றர் இருந்தால், கீறல் விழுந்தபின் ஓரிரு முறை தேய்த்துப் புதுப்பிக்கலாம். 1 மில்லிமீற்றர் என்றால் அதற்கு வழியில்லை. பசையிலிருந்து போர்மல்டிஹைட் என்ற வாயு கசியும். ஆகவே, அது குறைவு என்பதைக் காட்டும் 'ஈ-1' குறியீடு உண்டா என்று கேளுங்கள். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இது முக்கியம். எந்த வகை, மேற்படை எவ்வளவு என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

சீமெந்துத் தரை காய்ந்துவிட்டதா என்பதை நீங்களே பார்க்கலாம். ஒரு முழச் சதுரப் பொலித்தீனை நான்கு ஓரமும் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் வியர்த்திருந்தால் பாஸைப் பலகை பதிக்க விடாதீர்கள். பலகைகளை இரண்டு நாட்கள் அந்த அறையிலேயே வைத்திருங்கள். சுவரோரம் சுமார் 10 மில்லிமீற்றர் இடைவெளி விடச் சொல்லுங்கள். மரம் விரிய இடம் வேண்டும்.

இனி, நம் வீடுகளுக்கே உரிய விடயம். பள்ளிவாசலில் ஒரு நாட்டுப்புற அறபி சிறுநீர் கழித்தபோது, அதன்மேல் ஒரு வாளி நீர் ஊற்றும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தியை அறிவீர்கள். அது மண் தரை. பலகைத் தரையில் வாளி வாளியாக ஊற்றினால் இணைப்புகளில் நீர் இறங்கிவிடும். அவ்வளவு நீர் தேவையுமில்லை. பிள்ளை சிறுநீர் கழித்தால், முதலில் உலர்ந்த துணியால் ஈரமும் வாடையும் போக ஒற்றி எடுங்கள். பின்னர் அந்த இடம் மூடும் அளவு சுத்தமான நீரை ஊற்றி, உடனே துடைத்து உலர்த்துங்கள். ஷாபிஈ மத்ஹபின்படி அசுத்தத்தின் பொருள் நீங்கியபின் நீர் ஒருமுறை படர்ந்தாலே போதும். பால் தவிர வேறு உணவு உண்ணாத, இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தையாயின், அந்த இடமெங்கும் படும்படி நீர் தெளித்தாலே போதுமானது.

குளியலறை வாசல், குசினி, வுழூச் செய்யும் இடம் ஆகியவற்றுக்கு டைல்ஸ் அல்லது சீமெந்துதான் பொருத்தம். பலகை வேண்டுமென்றால் படுக்கையறையோடு நிறுத்துங்கள். என் சாச்சியின் மகள் இப்போது அப்படித்தான் செய்திருக்கிறாள். ஆனால், அவள் ஒரே தரைக்கு இரண்டு முறை பணம் கொடுத்தாள். கணவரின் வியர்வை உங்கள் வீட்டிலும் அப்படிக் கரைய வேண்டாம்.