50 உருபாச் சட்டமும் வாயில்லா உயிர்களும்

சட்டம் இருப்பது வேறு. அச்சட்டத்தால் ஓர் உயிர் காக்கப்பெறுவது வேறு. முன்னது அரசிதழில் தெரியும். பின்னது கூண்டுக்குள் எட்டிப் பார்த்தால்தான் தெரியும். நாய்களைப் பெருக்கி விற்கும் வணிகத்தை ஒழுங்குபடுத்துவதாகக் கூறி, 2017ஆம் ஆண்டு மேத் திங்களில் இந்திய அரசு சில நெறிமுறைகளை வெளியிட்டது. ஆண்டுகள் பல ஓடிவிட்ட நிலையில், அந்நெறிமுறைகள் காத்தவை நாய்களையா, தாள்களையா என்னும் கேள்வியைத் தமிழ் மக்கள் கேட்டே ஆகல் வேண்டும்.

எழுத்தளவில் அந்நெறிமுறைகளில் பெருங்குறை காண்பதற்கில்லை. நாய் பெருக்குவோர் ஒவ்வொருவரும் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளல் வேண்டும். பெண் நாய்க்குப் பதினெட்டுத் திங்கள் நிரம்புமுன் அதனை இணைசேர்த்தல் கூடாது. ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேலும், வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேலும் அதனை ஈனச் செய்தல் கூடாது. எட்டுக் கிழமை நிரம்பாத குட்டியை விற்றல் கூடாது. விற்கும் நாயின் உடலில் அடையாளச் சில்லு பொருத்தப்பெறல் வேண்டும். பிறப்பு, இறப்பு, விற்பனை அனைத்தையும் ஏட்டில் எழுதி வைத்தல் வேண்டும். படிப்பார்க்கு நெஞ்சம் குளிரும். படிக்கத் தெரியாத நாய்க்கோ அதனால் விளைந்த நலம் என்ன?

சட்டத்தின் வலிமை அதன் சொல்லில் இல்லை. அதனை மீறினார்க்கு அது தரும் ஒறுப்பில் உள்ளது. இந்நெறிமுறைகளுக்குத் தாய்ச்சட்டம் 1960இல் இயற்றப்பெற்ற விலங்குவதைத் தடுப்புச் சட்டம். ஒரு விலங்கை அடித்து, பட்டினியிட்டு, அசைய இடமின்றி அடைத்துக் கொடுமை செய்தவனுக்கு, முதற்குற்றமாயின் 10 உருபாவுக்குக் குறையாமலும் 50 உருபாவுக்கு மேற்படாமலும் ஒறுப்புத் தொகை விதிக்கலாம் என்று அச்சட்டம் எழுதிற்று. மூன்றாண்டுக்குள் மீண்டும் அக்குற்றம் செய்தால் 100 உருபா வரையிலோ, மூன்று திங்கள் சிறையோ, இரண்டுமோ ஆகலாம். அச்சட்டத்தின் கீழ் எழுந்த நெறிமுறைகளை மீறுவார்க்கும் 100 உருபாவும் மூன்று திங்கள் சிறையுமே உச்சம்.

இனி, இதன் மறுபுறத்தைக் காண்க. நாய் பெருக்குவோன் முறையாகப் பதிவு செய்துகொள்ளக் கட்ட வேண்டிய தொகை 5,000 உருபா! நேர்மைக்கு விலை 5,000. கொடுமைக்கு விலை 50. ஒரே ஒரு குட்டியைப் பல்லாயிரம் உருபாவுக்கு விற்பவன் இவ்விரண்டில் எதனைத் தேர்ந்துகொள்வான் என்பதற்குக் கணக்குப் பாடம் வேண்டுமா? பதிவு செய்தவன் வீட்டுக்கு ஆய்வாளர் வருவார், ஏடு கேட்பார், இடம் அளப்பார். பதிவு செய்யாமல் மொட்டை மாடியிலும் பின்கட்டிலும் கூண்டடுக்கி, கைப்பேசி வழியே படம் காட்டி விற்பவனைத் தேடிச் செல்லப் போதிய ஆள் எங்கே உள்ளனர்? வெளிப்படையாக இருப்பவனை நெருக்கியும் மறைந்திருப்பவனை வாழவிட்டும் நடக்கும் ஒழுங்குமுறை, தீயோனுக்கு ஊதியம் தேடித் தரும் ஒழுங்குமுறையே ஆகும்.

இத்தொகையை உயர்த்துவதற்கென நடுவணரசு 2022இல் ஒரு திருத்த வரைவை வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்டது. வரைவு வெளியிடுவதில் தில்லிக்கு என்றுமே சோர்வு இருந்ததில்லை. வரைவால் எந்த நாயின் கழுத்துச் சங்கிலியும் அவிழ்ந்ததில்லை.

இன்னும் ஒன்று. நடுவணரசின் அரசிதழ் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வெளிவருகின்றது. சிப்பிப்பாறையிலும் கோம்பையிலும் இராசபாளையத்துச் சிற்றூர்களிலும் வழிவழியாக நாய் வளர்த்துவரும் உழவனுக்கும் ஆயனுக்கும் அவ்விரண்டு மொழிகளாலும் என்ன பயன்? எந்த அகவையில் இணைசேர்த்தல் தவறு, எத்தனை ஈற்றோடு நிறுத்துதல் வேண்டும் என்பதை அவன் மொழியில் அவனுக்குச் சொல்லாத சட்டம், அவனைத் திருத்த வந்த சட்டம் அன்று. அவனைக் குற்றவாளியாக்க வந்த சட்டமே.

சட்டம் மனத்திட்பத்தால் எழாமல் அச்சத்தால் எழுந்தால் என்னாகும் என்பதற்கு 2024ஆம் ஆண்டே சான்று. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில், கொடிய நாய்கள் என 23 இனங்களின் பெயரைப் பட்டியலிட்டு, அவற்றின் இறக்குமதியையும் பெருக்கத்தையும் விற்பனையையும் தடுக்குமாறு நடுவணரசு மாநிலங்களுக்கு மடல் விடுத்தது. கருநாடக உயர் முறைமன்றம் அடுத்த திங்களே அதனைத் தள்ளிற்று. மேத் திங்களில் சென்னைப் பூங்கா ஒன்றில் ஐந்து அகவைச் சிறுமியை வளர்ப்பு நாய்கள் கடித்துக் குதறின. உடனே தமிழ்நாட்டிலும் அப்பட்டியல் ஆணையாக வந்தது. வந்த விரைவிலேயே திரும்பப் பெறவும் பெற்றது. அந்தக் குழந்தையின் துன்பம் பெரிது; அதனை எளிதாக எண்ணுவார் மாந்தராகார். ஆயினும், இரண்டு நாள் ஆணையால் குழந்தையும் காக்கப்பெறவில்லை, நாயும் காக்கப்பெறவில்லை. நாயை வெறியூட்டி வளர்த்தவனையும் கட்டவிழ்த்து விட்டவனையும் விட்டுவிட்டு, நாயின் இனப்பெயரைப் பிடித்துக்கொள்வது சோம்பல் அரசின் வழக்கம்.

இதனை நோக்க, அதே ஆண்டில் தமிழ்நாட்டரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை ஒரு படி மேலானது. இந்நிலத்தின் வெப்பத்துக்கு ஒவ்வாத பதினோர் இனங்களைப் பெருக்குதல் கூடாது என்று அது வரையறுத்தது. பனிநிலத்துச் சைபீரிய அசுகியும், சப்பை மூக்குடைய பக், பிரெஞ்சுப் புல்டாக் நாய்களும் அவற்றுள் அடங்கும். நாய்க்கு மாந்தனைப் போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாவைத் தொங்கவிட்டு இரைத்தே அது உடற்சூட்டைத் தணித்துக் கொள்கின்றது. மூக்கையும் மூச்சுக்குழலையும் நசுக்கிக் குறுக்கிய உருவத்தை அழகென்று படைத்தவர்கள், அவ்வுயிர்க்கு ஒவ்வொரு மூச்சையும் போராட்டமாக்கிவிட்டனர். இதனைக் கொடுமை என்று ஓர் அரசு உணர்ந்தது நன்றே. ஆனால் இக்கொள்கைக்குப் பின்னும் நிற்பது அதே 50 உருபாச் சட்டந்தான்.

இவ்விடத்தில் தமிழன்பர்கள் தம் நெஞ்சையும் சற்றுத் தொட்டுப் பார்த்துக்கொள்ளல் வேண்டும். அயல்நாட்டு நாய் தடுக்கப்பெற்றது, நாட்டு நாய் போற்றப்பெற்றது என்று மகிழ்ந்து அமர்ந்துவிடுதல் எளிது. இராசபாளையத்து நாய்க்கு 2005இல் அஞ்சல்தலை வெளியிடப்பெற்றது. 2020 ஆகத்துத் திங்களில் இந்தியத் தலைமையமைச்சரே வானொலியில் இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி ஆகிய நாய்களைப் பெயர் சொல்லிப் புகழ்ந்தார். பெயர் பரவிற்று. ஆனால், அந்நாய்கள் நலமாக உள்ளனவா?

பால்வெள்ளை நிறமும் செந்நிற மூக்கும் உள்ளதே மெய்யான இராசபாளையம் என்று வாங்குவோர் கேட்கின்றனர். அந்நிறத்துக்காகவே தந்தையோடு மகளையும் உடன்பிறந்ததோடு உடன்பிறந்ததையும் இணைசேர்ப்போர் உளர். நிறமி இன்மையால் உட்செவி பழுதுற்றுச் செவிடாகவே பிறக்கும் குட்டிகள் அவ்வினத்தில் உண்டென்பதை வளர்ப்போர் அறிவர். வாங்க ஆளில்லாத அக்குட்டிகளின் கதி என்ன என்று ஏட்டில் எழுதுவார் யார்? வெட்டவெளியில் காற்றாய்ப் பாயப் பிறந்த சிப்பிப்பாறை நாய், இன்று நகரத்து மாடி வீட்டில் நான்கடிச் சங்கிலியில் கட்டுண்டு கிடக்கின்றது. அதன் பெயர் தமிழ்; அதன் வாழ்வு சிறை.

மொழித்தூய்மை வேறு, குருதித்தூய்மை வேறு. மொழி தன் வேரிலிருந்தே புதுச்சொல் ஈன்று வளம்பெறும். உயிரோ, ஒரே குருதிக்குள் மீண்டும் மீண்டும் அடைபட்டால் நலிந்தழியும். முன்னதைப் போற்றுவோர் பின்னதைப் போற்றுதல் அறியாமை. மாந்தர்க்குள் குலத்தூய்மை பேசுவது எத்துணை இழிவோ, விலங்கினத்தில் நிறத்தூய்மைக்காக உடற்குறையைப் பெருக்குவதும் அத்துணை இழிவே.

அவ்வாறாயின் அரசின் ஒழுங்குமுறையே வீணா? அன்று. செய்யும் வகையறிந்து செய்த நாடுகளும் உள. இங்கிலாந்தில் 2020 முதல், ஆறு திங்கள் நிரம்பாத நாய்க்குட்டியை இடைவணிகர் விற்க இயலாது. குட்டியை ஈன்ற இடத்தில், தாயோடு வைத்துக் காட்டியே வளர்ப்போர் விற்றல் வேண்டும். நெதர்லாந்தில் 2019இல், தலையின் நீளத்தோடு மூக்கின் நீளத்தை ஒப்பிட்டு அளந்து, குறுமூக்கு நாயைப் பெருக்கலாமா என முடிவு செய்யும் அளவுகோல் கொண்டுவரப் பெற்றது. அங்கும் ஏய்ப்போர் ஒழிந்துவிடவில்லை. ஆயினும் அச்சட்டங்கள் தாளை ஆயாமல் தாய்நாயை ஆய்கின்றன. ஏட்டை அளக்காமல் மூக்கை அளக்கின்றன. வேறுபாடு இதுவே.

தமிழ்நாட்டரசால் இதனைச் செய்ய இயலாதா? இயலும். கால்நடைகளைக் காத்தலும் மேம்படுத்தலும் இந்திய அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் உள்ளன. விலங்குவதைத் தடுப்பு பொதுப்பட்டியலில் உள்ளது. இதே 1960ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான் 2017இல் ஏறுதழுவலுக்காகத் தமிழ்நாடு திருத்திற்று. 2023இல் உச்ச முறைமன்றமும் அதனை ஏற்றுக்கொண்டது. கடற்கரையில் இளைஞர் கூட்டம் திரண்டபோது சில நாள்களில் திருத்த முடிந்த சட்டத்தில், 50 உருபா என்னும் எண் மட்டும் தொடப்பெறாமல் நின்றது. ஏறு தழுவும் உரிமைக்குக் குரலெழுப்பிய தமிழினம், ஏற்றுக்கும் நாய்க்கும் இழைக்கப்பெறும் கொடுமைக்கு எதிராகவும் அதே குரலை எழுப்பியிருத்தல் வேண்டும்.

எனவே ஒறுப்புத் தொகை குட்டியின் விலையினும் பன்மடங்காக உயர்த்தப்பெறுக. சிற்றூரில் ஓரிரு நாய் வளர்ப்போனுக்குப் பதிவு கட்டணமின்றி அமைக. நெறிமுறைகள் தமிழில், ஊர்தோறும், கால்நடை மருந்தகத்தின் வாயிலில் எழுதி வைக்கப்பெறுக. ஆய்வு என்பது பதிவு செய்தவன் கதவை மட்டும் தட்டுவதாக இல்லாதொழிக. நாட்டு நாய்களின் காதும் கண்ணும் மரபும் ஆயப்பெற்ற பின்னரே இணைசேர்ப்புக்கு இசைவு தரப்பெறுக.

அரசு செய்யும்வரை காத்திராமல் ஒவ்வொரு தமிழனும் இன்றே செய்யக்கூடியது ஒன்றுண்டு: தாயைக் காணாமல் குட்டியை வாங்காதிருத்தல். எலும்பெடுத்து, மடி தொங்கி, கண்ணொளி குன்றி ஒரு மூலையில் கிடக்கும் அத்தாயைக் கண்டபின், கையில் உள்ள பணம் தானே மடிக்குள் திரும்பும். வாங்குவார் அற்றுப்போகும் இடத்தில் கூண்டுகள் தாமே திறக்கும்.