ரம்பம் வாசித்த நடிகை

மரம் அறுக்கும் ரம்பத்தைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, வயலின் வில்லால் இழுத்து வாசிப்பார் மார்லீன் டீட்ரிச். 1944இல் வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் அமெரிக்க வீரர்கள் முன் அவர் செய்த வித்தை அது. ஹாலிவுட்டின் பேரழகி மரத்தச்சன் கருவியோடு உட்கார்ந்தால் விசில் பறக்காமல் இருக்குமா?

இப்படி வீரர்களுக்குப் பொழுதுபோக்கும் உற்சாகமும் தர 1941இல் அமெரிக்காவில் யு.எஸ்.ஓ. என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. சண்டையைவிடக் காத்திருப்புதான் பட்டாளத்துக்காரனை அரிக்கும். ஒரு பாட்டு, ஒரு கேலி, ஊரை நினைவூட்டும் ஒரு முகம் போதும், அன்றைய பொழுது ஓடிவிடும். இதை யாரும் குறைசொல்ல முடியாது.

ஆனால் நிகழ்ச்சி யாருக்காக என்று கேட்டாக வேண்டும். நகைச்சுவை நடிகர் பாப் ஹோப் 1964 முதல் 1972 வரை கிறிஸ்துமஸ்தோறும் வியட்நாம் போனார். அந்த நிகழ்ச்சிகள் படமாக்கப்பட்டு என்.பி.சி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின. ஹோப் போரை வெளிப்படையாக ஆதரித்தவர். சிரிக்கும் வீரர்களைப் பார்த்த வீட்டுக்கூடங்களில் போரும் கொஞ்சம் விலைபோயிருக்கும் என்றே நினைக்கிறேன். 1971இல் நடிகர்கள் ஜேன் ஃபோண்டாவும் டொனால்ட் சதர்லண்டும் ராணுவ முகாம்களை ஒட்டிய ஊர்களில் போர் எதிர்ப்பு நிகழ்ச்சி நடத்தினார்கள். அதற்கும் கூட்டமாய் வந்தவர்கள் வீரர்கள்தான்!

மர்லின் மன்றோ 1954 பிப்ரவரியில் கொரியாவின் கடுங்குளிரில் மெல்லிய உடையோடு, நான்கே நாட்களில் பத்து மேடை ஏறினார். உழைப்பு பெரிதுதான். ஆனால் அங்கே சண்டை நின்று ஏறக்குறைய ஏழு மாதம் ஆகியிருந்தது.

டீட்ரிச்சுக்கும் விளம்பரம் கிடைக்காமல் இல்லை. பத்திரிகைப் படங்கள் ஏராளம். என்றாலும் அவர் கணக்கே வேறு. பிறந்தது பெர்லினில். நாஜிகள் திரும்பி வரச்சொல்லி ஆசைகாட்டியும் மறுத்து, 1939இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். அவர் யாருக்காகப் பாடினாரோ அந்தப் படை குறிவைத்த நகரத்தில்தான் அவருடைய தாய் போர் முடியும்வரை வாழ்ந்தார். ஜெர்மானியர் கையில் சிக்கியிருந்தால் துரோகிக்கான தண்டனைதான். நட்சத்திரத்தின் போர்க்காலச் சேவையை அளக்க எனக்குத் தெரிந்த படி இதுதான்: அவர் எதைப் பணயம் வைத்தார்?

அமெரிக்கா 1947இல் அவருக்குச் சுதந்திரப் பதக்கம் அணிவித்தது. 1960இல் பாடுவதற்காக ஜெர்மனி போனபோது, திரும்பிப் போகச்சொல்லும் அட்டைகளும் அவரை எதிர்கொண்டன. 1992இல் பாரிஸில் இறந்து, பெர்லினில் புதைக்கப்பட்டார். அந்த நகரம் அவரைக் கௌரவக் குடிமகளாக ஏற்றது 2002இல்.