பூசை முடிந்த பிறகு

வீரமாமுனிவர் தேம்பாவணியை முடித்தது 1726-இல். 36 படலங்கள், 3,615 பாடல்கள். அதற்கு அடுத்த ஆண்டு அவர் எழுதியது ஒரு சிறிய உரைநடை நூல், வேதியர் ஒழுக்கம். காப்பியத்தைத் தமிழ் உலகம் கொண்டாடியது. 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் முனிவருக்குச் சிலையும் வைத்தது. உரைநடை நூலோ தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் நூல்பெயர் வரிசையில் சதுரகராதிக்கும் பரமார்த்த குரு கதைக்கும் நடுவே எங்கோ ஒடுங்கிவிட்டது. அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் கிறிஸ்தவ விசுவாசம் 300 ஆண்டுகள் தாக்குப்பிடித்து நின்றது எப்படி என்று கேட்டால், அதற்கான விடை அந்த இரண்டாவது நூலில்தான் இருக்கிறது என்று நாங்கள் நினைக்கிறோம்.

அந்த நூல் யாருக்காக எழுதப்பட்டது? சாமியார்களுக்காக அல்ல. உபதேசியார்களுக்காக. கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் ஏலாக்குறிச்சிதான் முனிவர் நெடுங்காலம் தங்கிப் பணியாற்றிய ஊர். திருக்காவலூர் என்று பெயரிட்டு அதன்மேல் கலம்பகமும் பாடினார். அடைக்கல மாதாவுக்கு அவர் எழுப்பிய கோயிலுக்கு இன்றும் சாதி, மதம் பாராமல் சனம் வருகிறது. ஆனால் அந்தக் காலத்தில் ஒரு குருவின் பொறுப்பில் எத்தனையோ கிராமங்கள் இருந்தன. ஆறு பெருகினால் அக்கரைக்குப் போக முடியாது. படைகள் நடமாடினால் வெளியே தலைகாட்ட முடியாது. ஒரு கிராமத்துக்கு வருடத்தில் சில நாட்கள் சாமியார் வந்தால் பெரிய காரியம். மிச்ச நாட்கள் முழுவதும் அந்த ஊரின் விசுவாசம் உபதேசியார் தலையில்தான். அதனால்தான் முனிவர் அந்த மனிதரை உட்காரவைத்து, நீ எப்படி நடந்துகொள்கிறாய் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். செபம் தெரிந்தால் போதாது, வாழ்க்கை நேராக இருக்க வேண்டும். இதுதான் அந்த நூலின் அடிநாதம்.

உபதேசியார் என்றால் யாரென்று இன்றைய இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. சில ஊர்களில் கோயில்பிள்ளை என்பார்கள். விடியற்காலையில் மணியடித்துத் திரிகால செபம் சொல்லுவார். சாயங்காலம் பிள்ளைகளைக் கோயில் திண்ணையில் உட்காரவைத்துப் பரலோக மந்திரமும் அருள்நிறை மந்திரமும் சொல்லிக்கொடுப்பார். ஒரு பிள்ளை வரவில்லையென்றால், ஏன் வரவில்லை என்று வீட்டுக்கே போய்க் கேட்பார். போன இடத்தில் அடுப்பு எரியவில்லை என்று தெரிந்தால் பிடி அரிசிக் கலயத்திலிருந்து அந்த வீட்டுக்கு அரிசி போகும். பெண்கள் தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துப் போட்டு வைக்கும் கலயம் அது. சாகக் கிடக்கும் குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுப்பவர் அவர். புருஷன் பெண்சாதி சண்டைக்கு நடுவில் போய் நிற்பவரும் அவர். நடு ராத்திரியில் ஒருவர் இறந்துவிட்டால் கருப்பு அட்டை போட்ட செபப்புத்தகத்தோடும் தீர்த்தச் செம்போடும் லாந்தர் வெளிச்சத்தில் நடந்து வருபவரும் அவர்தான். சாமியார் வர நேரமாகும் என்றால் அடக்கச் செபத்தை அவரே முடித்துக் கடைசிப் பிடி மண் விழும்வரை அங்கேயே நிற்பார். இத்தனைக்கும் அவருக்குக் கிடைத்தது அறுப்புக் காலத்தில் வீட்டுக்கு இத்தனை மரக்கால் என்று ஊர் அளந்த தானியமும், கல்யாணத்துக்கும் சாவுக்கும் கொடுத்த சில்லறையும்தான். பெரும்பாலும் அவரும் ஒரு ஏழை விவசாயி.

இறையியல் நூல் எதையும் அவர் படித்ததில்லை. ஆனால் கிறிஸ்தவ விசுவாசம் அன்றாட வாழ்க்கைக்கு என்ன பொருள் தருகிறது என்று யாராவது கேட்டால், நாங்கள் அவரைத்தான் காட்டுவோம். பிள்ளை வராத வீட்டைத் தேடிப் போன கால்கள் அவருடையவை. யாக்கோபு தம் திருமுகத்தில், செயல் இல்லாத விசுவாசம் எதற்கு ஆகும் என்று கேட்கும் கேள்விக்கு நம் ஊர்களில் பதில் சொன்னவர்கள் இந்த ஏழை உபதேசியார்கள்.

2021 மே மாதம் போப் பிரான்சிஸ், மறைக்கல்வி ஆசிரியர் பணியைத் திருச்சபையின் முறையான பொதுநிலையினர் திருப்பணியாக நிறுவி ஆணை வெளியிட்டார். நல்ல செய்தி. கொள்ளிடக் கரையில் அது 300 ஆண்டுப் பழக்கம். ரோமாபுரி அதை முறைப்படி ஏற்கும் நேரத்தில் இங்கே அது ஏறக்குறைய அற்றுப்போய்விட்டது என்பதுதான் வேதனை. சாலை வந்தது, பைக் வந்தது, ஞாயிறுதோறும் பூசை வந்தது. சாமியார் அரை மணி நேரத்தில் கிளைக் கிராமத்துக்கு வந்து போகிறார். உபதேசியார் எதற்கு என்று ஆகிவிட்டது. கோயில் கூட்டிப் பெருக்கி மைக் செட் போடும் வேலையாள் என்ற அளவுக்கு அவர் இடம் சுருங்கிவிட்டது. பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டங்கள் அந்த இடத்தை நிரப்பும் என்று எதிர்பார்த்தோம். சில ஊர்களில் நிரப்புகின்றன, மறுக்கவில்லை. பல ஊர்களில் அவை செபமாலை சொல்லிச் சுண்டல் கொடுத்துக் கலைகின்றன. பெரம்பலூர் நகரத்தின் ஓரங்களில் பெந்தெகொஸ்தே செபக்கூடங்கள் பெருகுவதைப் பற்றிக் கவலைப்படும் கத்தோலிக்கர்களுக்கு ஒன்று சொல்வோம். அந்தப் பாஸ்டர் நோயாளி வீட்டுக் கதவைத் தட்டுகிறார். முன்பு உபதேசியார் தட்டிய கதவுதான் அது.

இனி பேச வேண்டியது இன்னும் கனமானது.

தேம்பாவணியின் நாயகன் அரசன் அல்ல, போர்வீரன் அல்ல; சூசையப்பர் என்ற தச்சர். நற்செய்தி நூல்கள் நான்கிலும் அவர் வாய் திறந்து பேசியதாக ஒரு சொல் இல்லை. மரம் இழைத்துக் குடும்பம் காப்பாற்றிய கூலிக்காரர் அவர். அவருக்கு 3,615 பாடல்களில் காப்பியம் எழுதிய மண்ணில், மே முதல் நாளைத் தொழிலாளர் சூசையப்பர் திருநாளாகத் திருச்சபை 1955-இல் அறிவித்துக் கொண்டாடிவரும் காலத்தில், கூலி எப்படி இருக்கிறது? வரதராசன்பேட்டை, ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்காட்டுப் பூமி. தவக்காலமும் முந்திரிக் காலமும் ஒன்றாக வரும். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் வாங்கிய பெண்கள் மறுநாள் கொட்டை உடைக்க உட்காரும்போது விரல்களிலும் சாம்பலைத்தான் பூசிக்கொள்கிறார்கள். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டால் தோல் வெந்து உரியும். சாம்பலோ விளக்கெண்ணெயோ தடவினால் ஓரளவு தாங்கும். உள்ளங்கை ரேகை தெரியாத அளவுக்குக் கறுத்த அந்தக் கைகள்தான் ஞாயிற்றுக்கிழமை நன்மை வாங்க நீள்கின்றன. அதே வரிசையில் முதலாளியும் நிற்கிறார். இரண்டு பேரும் சாப்பிடுவது ஒரே அப்பம். சனிக்கிழமை கணக்கு முடிக்கும்போது அந்தப் பெண்ணின் கூலியில் அவர் எவ்வளவு பிடித்தார் என்பது பூசைக்குச் சம்பந்தமில்லாத விஷயமா? பாவசங்கீர்த்தனத்தில் பூசைக்கு வராததைச் சொல்லுகிறோம், கெட்ட வார்த்தை பேசியதைச் சொல்லுகிறோம். குறைத்துக் கொடுத்த கூலியைச் சொல்லுகிறவர் உண்டா?

கூலியைவிட ஆழமாகப் போன வேர் சாதி. இதைக் கிறிஸ்தவர்கள் எழுதும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வது வழக்கம். நாங்கள் தாழ்த்தப் போவதில்லை. மதுரை மிஷனைத் தொடங்கிய இராபர்ட் தெ நொபிலி காலத்திலிருந்தே சாதி ஒரு பழக்கம்தானே, விசுவாசத்துக்கு இடைஞ்சல் இல்லையே என்று விட்டுவைத்தார்கள். மேல்சாதியாருக்குத் தனிச் சன்னியாசிகள், மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்று குருக்களையே பிரித்தார்கள். வீரமாமுனிவரின் தமிழுக்கு முன் தலைவணங்கும் நாம், அவர் சார்ந்த மிஷனின் இந்தச் சமரசத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். விட்டுவைத்தது தானாகப் பட்டுப்போகவில்லை. திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறையை இரண்டாகப் பிரித்த சுவர் நாடறிந்தது. 2008 மார்ச்சில் உளுந்தூர்பேட்டை பக்கத்து எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் சமமரியாதை கேட்டதில் கலவரம் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போயின. பெரம்பலூருக்கு அடுத்த துறையூர் வட்டத்துக் கோட்டப்பாளையம் நம் கும்பகோணம் மறைமாவட்டத்துப் பங்குதான். அங்கே கோயில் திருவிழாவிலும் நிர்வாகத்திலும் தங்களை ஒதுக்குகிறார்கள் என்று தலித் மக்கள் தொடுத்த வழக்கு உயர்நீதிமன்றத்தில் தள்ளுபடியாகி, 2025-இல் உச்சநீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. தீர்ப்பை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் ஒரே தந்தையின் பிள்ளைகள் என்று ஞாயிறுதோறும் செபிக்கிறவர்கள், கொடியை யார் தொடுவது, தேரை யார் இழுப்பது என்று கேட்டு டெல்லிவரை போக நேர்ந்ததே, அதற்கு எந்த நீதிபதியும் பதில் சொல்ல முடியாது. அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

அரசும் தலித் கிறிஸ்தவர்களை விட்டுவைக்கவில்லை. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதி உரிமை இல்லை என்கிறது. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அதை மாற்றச் சொன்னது, 2022-இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் வைத்தார்கள். அந்த 1950 ஆணை வெளியான ஆகஸ்ட் 10-ஆம் தேதியைக் கறுப்பு நாளாக அனுசரித்து ஆயர்கள் முதல் அடியார்கள் வரை உரிமை கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் அரசிடம் நீதி கேட்கும் வாயால் தன் பங்கில் அதை மறுப்பவனுக்கு அந்தக் கோரிக்கையை வைக்கும் தகுதி ஏது? இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டது. அது எத்தனை பங்குகளில் வாசிக்கப்பட்டது என்று வாசகர்கள் தங்கள் ஊரில் கேட்டுப் பார்க்கட்டும்.

மனம் தளர வேண்டியதில்லை. நம்முன் ஒரு சாட்சி இருக்கிறது. 1745-இல் ஞானஸ்நானம் பெற்று, எல்லாச் சாதியாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டதற்காகவும் சேர்த்துத்தான் பகை சம்பாதித்து, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் குருவுமல்ல, துறவியுமல்ல. பெண்சாதியோடு வாழ்ந்த குடும்பஸ்தர். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். அதற்கு முன்பே அவர் பெயருக்குப் பின்னாலிருந்த சாதிப் பட்டத்தை வத்திக்கான் நீக்கிவிட்டது. ரோமில் நீங்கிய பட்டம் நம் ஊர் திருவிழா நோட்டீசுகளில் உபயதாரர் பெயர்களுக்குப் பின்னால் இன்னும் கொட்டை எழுத்தில் இருக்கிறது.

விசுவாசம் என்பது துன்பத்தில் ஆறுதல், மரணத்தில் நம்பிக்கை என்று பேசுகிறவர்களோடு எங்களுக்குச் சண்டை இல்லை. அந்த ஆறுதல் உண்மையானது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஏலாக்குறிச்சியில் மாதா முன் அழுது எழுந்திருக்கும்போது அவள் முகத்தில் வரும் தெளிவை யாரும் சிறுமைப்படுத்த முடியாது. ஆனால் அதே தாயின் பிணம் நாளை எந்தப் பாதை வழியாகக் கல்லறைக்குப் போகும் என்பதும் விசுவாசத்தின் கேள்விதான். சூசையப்பரை நன்மரணத்தின் பாதுகாவலர் என்று கும்பிடும் சனத்துக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இதழ் வாசகர்களுக்குள் பங்குப் பேரவை உறுப்பினர்கள் இருக்கிறீர்கள், மறைக்கல்வி ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், குருக்களும் சிலர் இருக்கிறீர்கள். உங்களிடம் கேட்கிறோம். உங்கள் ஊரில் இன்னும் உயிரோடிருக்கும் பழைய உபதேசியார் யாரென்று விசாரியுங்கள். அவருக்கு மாதம் தோறும் கௌரவமான ஒரு தொகை கொடுக்கப் பேரவையில் தீர்மானம் போடுங்கள். அவரிடம் பிள்ளைகளை அனுப்புங்கள். அடுத்த கொடியேற்றத்துக்கு முன்பே கூட்டம் போட்டு, தேர் ஊரின் எல்லாத் தெருக்களுக்கும் போகும் என்றும், திருவிழா வரியும் கொடியும் எல்லாருக்கும் பொது என்றும், சவ வண்டி ஒன்று, கல்லறை ஒன்று என்றும் எழுதிக் கையெழுத்திடுங்கள். அதற்கு யாராவது எதிர்ப்புச் சொன்னால் அந்த ஆண்டு திருவிழாவை நிறுத்துங்கள். மாதா கோபித்துக்கொள்ளமாட்டாள்.