பேட்டரிக்குப் பயந்து எதற்குக் காசு கட்டுகிறோம்?

மதுரை ஷோரூம்களில் மின்சார காருக்கு விலைப்பட்டியல் கேட்டால், காப்பீட்டுக்கும் பதிவுச் செலவுக்கும் கீழே பெரும்பாலும் இன்னும் இரண்டு வரிகள் இருக்கும். ஒன்று, ஆண்டுப் பராமரிப்புத் திட்டம். மற்றொன்று, எக்ஸ்டெண்டட் வாரண்டி. இரண்டும் கட்டாயமில்லை என்று விற்பனையாளர் சொல்வார். பேட்டரி போனால் பாதி கார் விலை ஆகும் என்பதையும் கூடவே சொல்லிவைப்பார். மேலூரிலிருந்து 30 கி.மீ. போய் 15 லட்ச ரூபாய்க்குக் கையெழுத்துப் போட உட்கார்ந்திருப்பவருக்கு, அதைக் கேட்ட பிறகு இன்னொரு 30 ஆயிரம் பெரிதாகத் தெரியாது. காருக்கு 5 சதவீதம்தான் ஜிஎஸ்டி, இந்த இரண்டு வரிகளுக்கும் 18 சதவீதம் என்பதும் அப்போது கண்ணில் படாது. முதல் வரியில் உள்ள பராமரிப்புத் திட்டம் பெரும்பாலானோருக்குத் தேவையில்லை என்பதே என் வாதம். இரண்டாவது வரி சிலருக்குத் தேவைதான். ஆனால் அதற்கான காரணம் விற்பனையாளர் சொல்வது அல்ல. அதை வாங்க வேண்டிய நாளும் அவர் குறிப்பது அல்ல.

பராமரிப்பையும் பழுதையும் ஒன்றாகவே பேசிப் பழகிவிட்டோம். டீசல் வண்டி கற்றுக்கொடுத்த பழக்கம் அது. ஆயில் மாற்றாமல் ஓட்டினால் இன்ஜின் போய்விடும். ஆகவே சர்வீஸை ஒழுங்காகச் செய்தால் பழுது தள்ளிப்போகும் என்பது அந்த வண்டிக்கு நியாயமான கணக்கு. மின்சார காரில் அந்தக் கணக்கு உதவாது. இன்ஜின் ஆயில் கிடையாது. ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், டைமிங் பெல்ட், கிளட்ச் தட்டு எதுவும் கிடையாது. வேகம் குறையும்போது மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து மின்சாரமாக மாற்றிக்கொள்வதால் பிரேக் பேடும் அதிக நாள் உழைக்கும். மிஞ்சுவது ஏசியின் கேபின் ஃபில்டர், ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் அவ்வப்போது மாற்ற வேண்டிய பிரேக் ஆயில், பேட்டரியைக் குளிர்விக்கும் கூலன்ட், வீல் அலைன்மென்ட் ஆகியவைதான். மேலூர்ப் பக்கத்துத் தூசிக்குக் கேபின் ஃபில்டர் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்; பல கார்களில் அதை வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாம். மின்சார காரில் உண்மையில் வேகமாகத் தேய்வது டயர். பேட்டரியின் எடையும் மோட்டாரின் உடனடி இழுவையும் அதைத் தின்றுவிடும். பராமரிப்புத் திட்டங்களில் பொதுவாக டயர் வராது என்பதுதான் வேடிக்கை.

அமெரிக்க நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2020இல் ஒரு கணக்குப் போட்டது. பராமரிப்புக்கும் பழுதுக்குமாக ஒரு மின்சார காருக்கு அதன் ஆயுள் முழுவதும் ஆகும் செலவு, பெட்ரோல் காருக்கு ஆவதில் ஏறத்தாழ பாதி என்றது. அதே அமைப்பு 2023இல் கார் உரிமையாளர்களிடம் நடத்திய ஆய்வில், புதிய மின்சார கார்களில் பெட்ரோல் கார்களைவிடச் சராசரியாக 79 சதவீதம் அதிகமான கோளாறுகள் பதிவாயின. 2024 ஆய்வில் அது 42 சதவீதமாக இறங்கியது. இரண்டு முடிவுகளும் மோதுவதுபோலத் தோன்றும். ஆனால் முதலாவது பணத்தை எண்ணுகிறது, இரண்டாவது தொல்லையை எண்ணுகிறது. புதிய கார்களில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதியைக் கம்பெனி தன் செலவில் சரிசெய்து கொடுத்துவிடுகிறது. ஆகவே மின்சார காரில் கேட்க வேண்டிய கேள்வி சர்வீஸ் செலவைப் பற்றியதே அல்ல. அடிப்படை வாரண்டி முடிந்த மறுநாள் வரும் கோளாறுக்கு யார் பொறுப்பு என்பதுதான் கேள்வி. சர்வீஸ் செய்யாவிட்டால் பேட்டரி வாரண்டி ரத்தாகிவிடுமே என்று மறுப்பவர்கள் உண்டு. உண்மைதான். கம்பெனி குறித்த இடைவெளியில் அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சர்வீஸ் செய்து ரசீதை வைத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் சர்வீஸ் செய்வது வேறு, அதற்கு நான்கைந்து ஆண்டுப் பணத்தை முன்கூட்டியே கொடுத்துவைப்பது வேறு. அந்தந்த முறை பில்லைக் கட்டினாலும் வாரண்டி நிற்கும்.

இனி, எல்லோரும் அஞ்சும் பேட்டரி. டாடா நிறுவனம் 2020 ஜனவரியில் நெக்ஸான் மின்சார காரை அறிமுகப்படுத்தியபோதே பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கி.மீ. வாரண்டி கொடுத்தது. அதற்குப் பிறகு போட்டி முற்றியது. 2024இல் எம்ஜி வின்ட்சருக்கு, முதல் உரிமையாளருக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு, பேட்டரிக்கு வாழ்நாள் வாரண்டி வந்தது. மகிந்திராவும் அதே வழியில் போனது. 2025இல் ஹாரியர் மின்சார காருக்கு டாடா அறிவித்த 'வாழ்நாள்' என்பது 15 ஆண்டு, கி.மீ. வரம்பு இல்லை. இவை அனைத்தும் காரின் விலையிலேயே அடங்கியவை. சொந்தப் பயன்பாட்டுக் காரில், ஷோரூமில் தனியாக விற்கும் எக்ஸ்டெண்டட் வாரண்டி இதன்மேல் பேட்டரிக்குப் பெரும்பாலும் புதிதாக எதுவும் சேர்ப்பதில்லை. பேட்டரியின் பெயரைச் சொல்லி வேறொன்றை விற்கிறார்கள்.

மதுரை வெயில் பேட்டரியைத் தின்றுவிடாதா என்ற கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. இதற்கு முன்னுதாரணம் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் இருக்கிறது. திரவக் குளிரூட்டல் இல்லாத நிசான் லீஃப் கார்களின் பேட்டரித் திறன் அங்கே எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சரிவதாக 2012இல் உரிமையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். 2013இல் நிசான், பேட்டரி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சரிந்தால் 5 ஆண்டு அல்லது 60 ஆயிரம் மைல் வரை தானே சரிசெய்வதாக வாரண்டியை விரிவாக்கியது. ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் அது பொருந்தியது. வெப்பம் குறித்த அச்சம் வெறும் கற்பனை அல்ல என்பது இதில் தெரிகிறது. இன்று இங்கே விற்கும் பெரும்பாலான கார்களில் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் இருப்பதற்கும் இத்தகைய அனுபவங்களே காரணம். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஒரு மாடல் முழுவதிலும் குறை இருந்தபோது நிவாரணம் தனித்தனியாக வாங்கிய திட்டங்களின் வழியே வரவில்லை. கூட்டாகக் குரல் கொடுத்ததால் வந்தது. நம் நாட்டிலும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம், குறையுள்ள வாகனங்களைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்திருக்கிறது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரலிலிருந்து நடப்பில் உள்ளன.

அப்படியானால் ஓட்டை எங்கே? பானெட்டைத் திறந்தால் ஆரஞ்சு நிறத்தில் தடித்த கேபிள்கள் தெரியும். அவை உயர் மின்னழுத்தம் ஓடுபவை. பல கார்களில் அங்கேயே ஓரமாக, பழைய அம்பாசிடரில் இருந்ததுபோலவே, ஒரு சிறிய 12 வோல்ட் பேட்டரியும் உட்கார்ந்திருக்கும். கதவுப் பூட்டும் திரையும் காரின் மூளையும் விழிப்பது அந்தச் சிறிய பேட்டரியால்தான். அதற்குத் தீனி போடுவது பெரிய பேட்டரியிலிருந்து மின்சாரத்தை இறக்கிக் கொடுக்கும் கன்வெர்ட்டர். அது கெட்டால், பெரிய பேட்டரியில் 80 சதவீதம் சார்ஜ் இருந்தாலும் கார் நகராது. இதே வேலையைச் செய்யும் ஒருங்கிணைந்த சார்ஜிங் பகுதியில் வந்த கோளாறுக்காகத்தான் 2024 ஜூனில் ஹூண்டாய் இந்தியாவில் 1,744 ஐயோனிக் 5 கார்களைத் திரும்ப அழைத்தது. அடுத்த மாதம் கியா 1,138 இவி6 கார்களை அழைத்தது. பேட்டரியும் மோட்டாரும் நீண்ட வாரண்டிக்குள் இருக்க, காருக்குள் இருக்கும் சார்ஜர், கன்வெர்ட்டர், உயர் மின்னழுத்தத்தில் ஓடும் ஏசி கம்ப்ரசர், தொடுதிரை ஆகியவை பெரும்பாலும் மூன்றாண்டுப் பொது வாரண்டியோடு நின்றுவிடுகின்றன. இவற்றைப் பிரித்துப் பார்த்துப் பழுது நீக்கும் வழக்கமும் சர்வீஸ் மையங்களில் குறைவு. முழுப் பகுதியையும் மாற்றுவார்கள். பில் லட்சக்கணக்கில் போகக்கூடும். எக்ஸ்டெண்டட் வாரண்டிக்கு உள்ள நேர்மையான ஒரே நியாயம் இதுதான். ஆகவே வாங்க நினைப்பவர் ஒப்பந்தத்தில் இந்தப் பகுதிகளின் பெயர்கள் இருக்கின்றனவா என்று தேட வேண்டும். 'மின்னணுப் பாகங்கள் நீங்கலாக' என்று இருந்தால் அந்தத் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பெயர்கள் இருந்தாலும் விலக்குப் பட்டியலைப் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. பெரியாறு கால்வாய்ப் பாசன வயல்களில் அறுவடை முடிந்தால் எலிகள் வீட்டுப் பக்கம் வரும்; நிறுத்திவைத்த காரின் வயர்களுக்குள் குடிபுகும். எலி கடித்த வயருக்கு வாரண்டி பேசாது. 2023 டிசம்பரில் தூத்துக்குடியில், 2024 அக்டோபரில் மதுரை செல்லூரில் புகுந்ததுபோல வெள்ளம் புகுந்தாலும் பேசாது. கிராமத்து டிரான்ஸ்ஃபார்மரின் கடைசி வீட்டில் ஏறி இறங்கும் வோல்டேஜால் சார்ஜர் கெட்டதாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் கைவிரித்துவிடுவார்கள். இந்த ஊரில் ஒரு மின்சார காருக்கு நிகழ வாய்ப்புள்ள ஆபத்துகளில் பல காப்பீட்டின் எல்லையில் வருபவை. எக்ஸ்டெண்டட் வாரண்டிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை வீட்டில் முறையான எர்த்திங்குக்கும், தேய்மானம் கழிக்காத காப்பீட்டுக்கும் செலவிட்டால் பலன் கூடுதல் என்று நினைக்கிறேன்.

அடுத்தது, எப்போது வாங்குவது என்ற கேள்வி. டெலிவரி நாளில் வாங்கும் எக்ஸ்டெண்டட் வாரண்டி உயிர் பெறுவது நான்காம் ஆண்டில். அதன் விலையைக் கார் கடனோடு சேர்த்துவிட்டால், 9 சதவீத வட்டியில் 7 ஆண்டுத் தவணையில் 30 ஆயிரம் ரூபாய் ஏறத்தாழ 40,500 ரூபாயாகிறது. மூன்றாண்டு முழுக்க, இன்னும் தொடங்காத ஒன்றுக்கு வட்டி கட்டுகிறோம். பல நிறுவனங்கள் அடிப்படை வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் இதை வாங்கிக்கொள்ள விடுகின்றன. பின்னால் விலை கூடுமே என்பார்கள். கூடட்டும். ஐயோனிக் 5 இந்தியாவில் விற்பனைக்கு வந்தது 2023 ஜனவரியில். அதன் சார்ஜிங் பகுதிக்கான அழைப்பு வந்தது ஒன்றரை ஆண்டு கழித்து. ஒரு மாடலின் குணம் தெரிய அவ்வளவு காலம் ஆகிறது. இரண்டரை ஆண்டு ஓட்டிப் பார்த்து, அந்த மாடலில் எது கெடுகிறது, மதுரையில் உதிரிப் பாகம் எத்தனை நாளில் வருகிறது என்று தெரிந்துகொண்டு எடுக்கும் முடிவுக்குச் சில ஆயிரம் கூடுதல் விலை தரலாம்.

காசு போனால் போகிறது, நிம்மதி வேண்டாமா என்ற மறுப்புதான் எல்லாவற்றிலும் வலுவானது. பட்டறைக்காரர் தொடத் தயங்கும் வண்டி இது. கெட்டால் சக்கரம் தரையில் உருள இழுத்துப் போகவும் கூடாது, பிளாட்பெட் வண்டியில் ஏற்றித்தான் மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தத் தவிப்பைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அதற்கான மருந்து சாலையோர உதவித் திட்டம். அதன் விலை வேறு, மிகக் குறைவு. எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அதை ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை என்று கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் முன்பு நடத்திய ஓர் ஆய்வு சொன்னது. பயன்படுத்தாத காப்பீடு வீணல்ல என்பது சரி. வீட்டைக் கவிழ்க்கும் இழப்புக்கு அது பொருந்தும். 15 லட்சம் கடன் வாங்கத் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஒரு லட்ச ரூபாய்ப் பழுது வலிக்கும், ஆனால் கவிழ்க்காது. மாதம் ஆயிரம் ரூபாய் தொடர் வைப்பில் போட்டால் நான்காம் ஆண்டு பிறக்கும்போது 36 ஆயிரத்துக்கு மேல் கையில் இருக்கும். அந்தப் பணத்துக்கு விலக்குப் பட்டியல் கிடையாது. எலி கடித்தாலும் எடுக்கலாம்.

பட்டறைக்காரர் ஏன் தயங்குகிறார் என்பதையும் கேட்க வேண்டும். உயர் மின்னழுத்தத்துக்கான பயிற்சியும் கருவியும் அவரிடம் இல்லை என்பது பாதிக் காரணம். வெளியே கொடுத்தால் வாரண்டி போய்விடும் என்ற மிரட்டல் மீதிக் காரணம். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிப் பாகங்களையும் பழுது நீக்கும் விவரங்களையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்ததே குற்றம். வெளியே பழுது பார்த்தார் என்பதற்காகவே ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்துசெய்யும் நிபந்தனை கூடாது என்றும் ஆணையம் சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஷோரூம் பேச்சு மாறவில்லை. நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுநீக்கும் உரிமைக்கு ஒரு குழு அமைத்து, அதே ஆண்டு இறுதியில் இணையதளமும் தொடங்கியது. மேலூரில் ஒரு பட்டறை கன்வெர்ட்டரைத் திறந்து ஒரு சிறு பாகத்தை மட்டும் மாற்ற முடிந்தால், எக்ஸ்டெண்டட் வாரண்டியின் விலை தானாக இறங்கும். அதுவரை, வாரண்டி மறுக்கப்பட்டவர் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 10 முதல் 20 லட்ச ரூபாய் வரையிலான காருக்குப் புகார்க் கட்டணம் 400 ரூபாய்தான்.

இவ்வளவு சொன்ன பிறகும், எக்ஸ்டெண்டட் வாரண்டியை வாங்கியே ஆக வேண்டிய ஒருவர் இருக்கிறார். பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்தோடு ஓடும் வாடகைக் காரின் உரிமையாளர். 'வாழ்நாள்' வாரண்டிகள் சொந்தப் பயன்பாட்டுக் கார்களுக்கானவை. திருச்சிக்கும் மதுரை விமான நிலையத்துக்குமாக நாளுக்கு 200 கி.மீ. ஓட்டுகிறவர் ஆண்டுக்கு 60 ஆயிரம் கி.மீ. ஓடிவிடுவார். 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கி.மீ. என்று அச்சிட்ட பேட்டரி வாரண்டி அவருக்கு மூன்றாம் ஆண்டு முடியும் முன்பே தீர்ந்துவிடும். அப்போது கார் கடன் பாதிகூட அடைந்திருக்காது. அவர் ஷோரூமில் கேட்க வேண்டியது எத்தனை ஆண்டு என்று அல்ல, எத்தனை கிலோமீட்டர் என்றுதான். எக்ஸ்டெண்டட் வாரண்டி அந்தக் கிலோமீட்டரைத் தாண்டியும் பேட்டரிக்குப் பொறுப்பேற்கும், வாடகை வண்டிக்கும் செல்லும் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகு முன்பணம் கட்டட்டும்.